மூன்றா? ஆறா?

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. வேதியியல்)

அசோக் நகரில் எங்கள் தெருவிலும் பக்கத்துத் தெருக்களிலும் சில வீடுகளின் ஆழ்குழாய்க் கிணற்று நீருக்கு ஒரு குணம் உண்டு. மோட்டாரைப் போட்டதும் குழாயில் கொட்டும் நீர் கண்ணாடி போலத் தெளிவாயிருக்கும். அதையே வாளியில் பிடித்து இரவு முழுதும் வைத்துவிட்டால், காலையில் அடியில் செம்மண் நிறத்தில் ஒரு படிவு நிற்கும். அந்த நீரில் துவைத்த வெள்ளை வேட்டி நாலே மாதத்தில் பழுப்பு வேட்டியாகிவிடும். என் தந்தையார் குழாய் வேலை செய்பவர். "தண்ணி வரச்சொல்ல நல்லாத்தான் இருக்குது, நின்னாதான் கெட்டுப்போவுது" என்பார்.

வேதியியல்படி அவர் கூற்று முற்றிலும் சரி. காற்றுப் படாத நிலத்தடியில் இரும்பு நீரில் கரைந்து நிற்கிறது. அப்போது அதன் ஆக்சிஜனேற்ற எண் +2. மேலே வந்து காற்றிலுள்ள ஆக்சிஜனைச் சந்தித்ததும் அது +3 ஆகிவிடுகிறது. +3 இரும்பு சாதாரண நீரில் கரையாது. ஹைட்ராக்சைடாகப் பிரிந்து அடியில் தங்குகிறது. வாளிக்குள் புதிதாக இரும்பு எதுவும் வந்து விழவில்லை. இருந்த இரும்பின் எண் ஒன்று கூடியது, அவ்வளவுதான். வேட்டி பாழ்!

நம்மில் பலருக்கு ஆக்சிஜனேற்ற எண் என்றால் இரண்டு மதிப்பெண் வினா. விதிகளை ஒப்பித்து, விடையை எழுதி, அடுத்த வினாவுக்குப் போய்விடுவோம். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்தவன் நான் ஒருவனே. எதைப் படித்தாலும் "இது எதுக்குடா?" என்று வீட்டில் ஒரு கேள்வி வரும், அதற்குப் பதில் சொல்லும்படி படித்துக்கொள்வது என் வழக்கமாகிவிட்டது. இந்த எண்ணுக்கு அப்படி ஒரு பதிலைத் தேடியபோது அது என்னைக் குரோம்பேட்டைக்கும் இராணிப்பேட்டைக்கும் இட்டுச் சென்றது. (நேரில் அல்ல, நூலகத்தின் வழியாக.) அதைச் சொல்லுமுன் கணக்கை ஒருமுறை பார்த்துவிடுவோம்.

இரண்டு அணுக்கள் பிணையும்போது எலக்ட்ரான்களைப் பங்கிட்டுக்கொள்கின்றன. உண்மையில் அந்தப் பங்கு பெரும்பாலும் ஒருபக்கம் கொஞ்சம் சாய்ந்திருக்கும். முழுவதும் ஒருவர் கைக்கே போய்விடுவது அரிது. ஆனால் கணக்கு எழுத வருகிறவர் இந்த நுணுக்கங்களையெல்லாம் பார்ப்பதில்லை. எந்த அணு எலக்ட்ரானை வலுவாக இழுக்கிறதோ அதன் பெயரிலேயே முழுவதையும் வரவு வைத்துவிடுகிறார். அப்படி எழுதிய ஏட்டில் ஓர் அணுவின் பெயருக்கு எதிரே நிற்கும் தொகைதான் ஆக்சிஜனேற்ற எண். ஆகவே குரோமியம் +6 என்றால், அது ஆறு எலக்ட்ரான்களை உண்மையிலேயே தொலைத்துவிட்டு நிற்கிறது என்று பொருளல்ல. ஏட்டில் அப்படி எழுதியிருக்கிறது என்றுதான் பொருள்.

இழந்தவனுக்குக் கூட்டல் குறி, பெற்றவனுக்குக் கழித்தல் குறி என்பது முதலில் எவரையும் குழப்பும். எலக்ட்ரான் எதிர்மின் சுமை உடையது. அதைப் பெற்றால் கழித்தல் சேரும், இழந்தால் கழித்தல் போகும். இதில் வேதியியலாரின் குற்றம் ஏதுமில்லை. எலக்ட்ரான் என்று ஒன்று உண்டென்பது தெரியாத பதினெட்டாம் நூற்றாண்டிலேயே மின்சுமைக்குக் கூட்டல், கழித்தல் என்று குறியிட்டுவிட்டார்கள்.

விதிகள் சிலவே. தனித்த தனிமத்திற்குச் சுழி. சோடியம், பொட்டாசியம் முதலியவற்றுக்குச் சேர்மங்களில் எப்போதும் +1. ஹைட்ரஜனுக்கு +1, உலோகத்தோடு சேர்ந்த ஹைட்ரைடுகளில் மட்டும் −1. ஆக்சிஜனுக்குப் பெரும்பாலும் −2, பெராக்சைடுகளில் −1. எல்லாவற்றையும் கூட்டினால் மூலக்கூறுக்குச் சுழி வரவேண்டும். அயனியாயின் அதன் சுமை வரவேண்டும். உலோகத்தின் எண் தெரியாவிட்டால் தெரிந்தவற்றை முதலில் கூட்டிவிட்டு மீதியை உலோகத்தின் தலையில் கட்ட வேண்டியதுதான்.

நமது ஆய்வுக்கூடத்தில் ஆரஞ்சு நிறத்தில் இருக்கும் பொட்டாசியம் டைகுரோமேட்டை எடுத்துக்கொள்வோம். ஒரு மூலக்கூறு வாய்பாட்டில் இரண்டு பொட்டாசியம், இரண்டு குரோமியம், ஏழு ஆக்சிஜன். பொட்டாசியம் இரண்டும் சேர்ந்து +2. ஆக்சிஜன் ஏழும் சேர்ந்து −14. இரண்டையும் கூட்டினால் −12. அதைச் சமன்செய்ய குரோமியம் இரண்டும் சேர்ந்து +12 தரவேண்டும், ஒன்றுக்கு +6. அடுத்து, பச்சை நிறக் குரோமியம் சல்பேட். இதில் இரண்டு குரோமியம், மூன்று சல்பேட். சல்பேட் அயனியின் சுமை −2 என்று தெரிந்திருந்தால் கந்தகத்தின் எண்ணைத் தேடவே வேண்டாம். மூன்று சல்பேட்டுக்கு −6, குரோமியம் ஒன்றுக்கு +3. தோல் பதனிடுவோர் வாங்கும் காரக் குரோமியம் சல்பேட்டில் ஒரு குரோமியத்தோடு ஒரு ஹைட்ராக்சிலும் ஒரு சல்பேட்டும் இருக்கின்றன: −1, −2, ஆக −3. இங்கும் குரோமியம் +3.

விதிகளைக் கண்மூடித்தனமாகப் போட்டால் எங்கே சறுக்கும் என்பதற்கும் குரோமியமே நல்ல உதாரணம். அமிலம் கலந்த டைகுரோமேட்டுடன் ஹைட்ரஜன் பெராக்சைடும் ஈதரும் சேர்த்துக் குலுக்கினால் ஈதர் அடுக்கு கண்ணைப் பறிக்கும் நீல நிறம் கொள்ளும். அதிலுள்ள சேர்மத்தில் ஒரு குரோமியத்திற்கு ஐந்து ஆக்சிஜன். ஒவ்வொன்றுக்கும் −2 போட்டால் குரோமியத்திற்கு +10 வருகிறது. ஆனால் குரோமியத்தின் 24 எலக்ட்ரான்களில் 18 ஆர்கானின் மூடிய கட்டமைப்புக்குள் அடங்கிவிட்டன. வெளியே கொடுப்பதற்கு இருப்பது ஆறு. கையில் ஆறு ரூபாய் உள்ளவனிடம் பத்து ரூபாய் வசூலிக்க முடியுமோ? அந்த ஐந்து ஆக்சிஜனில் நான்கு இரண்டிரண்டாகப் பெராக்சைடு முறையில் பிணைந்தவை. அவற்றுக்கு −1 வீதம் −4, மீதி ஒன்றுக்கு −2. மொத்தம் −6, குரோமியம் +6. கணக்கு முடிந்ததும் 'இத்தனை எலக்ட்ரான் அதனிடம் இருக்கிறதா?' என்று தொகுதி எண்ணோடு ஒப்பிட்டுப் பார்ப்பது நலம்.

பின்னம் வந்தாலும் பயப்பட வேண்டாம். சேலம் கஞ்சமலையில் கிடைக்கும் காந்த இரும்புத் தாதுவான மேக்னடைட்டில் மூன்று இரும்புக்கு நான்கு ஆக்சிஜன். −8-ஐ மூன்றால் வகுத்தால் இரும்புக்கு எட்டில் மூன்று அல்ல, மூன்றில் எட்டு! எந்த அணுவும் மூன்றில் எட்டு எலக்ட்ரானை இழக்காது. ஓர் இரும்பு +2 ஆகவும் இரண்டு இரும்பு +3 ஆகவும் இருக்கின்றன. நாம் கண்டது சராசரி.

எண் மாறினால் பொருளே மாறும் என்பது நம் சித்த வைத்தியர்களுக்குப் புதிதன்று. பாதரசமும் குளோரினும் சேர்ந்த இரண்டு பொருள்களுக்கு அவர்கள் இரண்டு தனிப் பெயர்கள் வைத்தார்கள்: பூரம், வீரம். பூரத்தில் பாதரசம் +1. நீரில் ஏறக்குறைய கரையாது. வீரத்தில் +2, கரையும், கொடிய நஞ்சு. (பூரம் பாலும் பழமும் என்று எண்ணிவிட வேண்டாம், அதுவும் பாதரசமே.) எண்ணைக் கொண்டு உலோகத்தின் பெயரருகே குறிக்கும் முறையை ஜெர்மானியர் ஆல்ஃபிரட் ஸ்டாக் 1919-இல்தான் முன்மொழிந்தார். அதற்கு எவ்வளவோ முன்னதாகவே மருந்துக் கடையில் இரண்டு தனிப் பெட்டிகள் இருந்தன.

நிற்க. இனி குரோம்பேட்டைக்கு வருவோம்.

அசோக் நகரிலிருந்து தெற்கே கிண்டி, பரங்கிமலை, பல்லாவரம் தாண்டினால் குரோம்பேட்டை. அந்த ஊருக்குப் பெயர் தந்தது அங்கே இயங்கிய குரோம் லெதர் கம்பெனி. ஊருக்குத் தெய்வத்தின் பெயரோ மன்னனின் பெயரோ இருப்பதுதான் நம் நாட்டு வழக்கம். தனிம அட்டவணையிலிருந்து பெயர் பெற்ற பேட்டை இது! 'குரோமா' என்றால் கிரேக்க மொழியில் நிறம். 1797-இல் பிரெஞ்சு வேதியியலார் வோக்லென் சைபீரியாவிலிருந்து வந்த ஒரு சிவப்புத் தாதுவில் இந்த உலோகத்தைக் கண்டார். சேர்மத்துக்குச் சேர்மம் நிறம் மாறியதால் அந்தப் பெயர் வந்தது. குரோமேட் மஞ்சள், டைகுரோமேட் ஆரஞ்சு, குரோமிக் உப்பு பச்சை.

முன்பெல்லாம் தமிழ்நாட்டில் தோலை ஆவாரம்பட்டைச் சாற்றில் ஊறவைத்துப் பதனிட்டார்கள், கடுக்காயும் சேர்த்தார்கள். வாரக்கணக்கில் ஊற வேண்டும். குரோமிய முறையில் ஓரிரு நாளில் வேலை முடியும். தோலும் வெந்நீருக்குச் சுருங்காது. சென்னை மாகாணத்தில் இம்முறையை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆல்பிரட் சாட்டர்டன் என்ற ஆங்கிலப் பொறியியலார் பரப்பினார். தோலின் புரதமான கொலாஜன் இழைகளில் உள்ள அமிலத் தொகுதிகளைக் குரோமியம் பற்றிக்கொண்டு, இழைக்கும் இழைக்கும் இடையே பாலம் போடுகிறது. அதனால் தோல் அழுகுவதில்லை.

பாலம் போடுவது +3 குரோமியம். +6 அதைச் செய்யாது. குரோமிய முறையின் ஆரம்ப காலத்தில் தோலை டைகுரோமேட்டில் தோய்த்தார்கள் என்றாலும், பிறகு இன்னொரு தொட்டியில் போட்டு அதை +3 ஆக ஒடுக்கிய பின்னரே தோல் பதமாயிற்று. இப்போது +3 உப்பையே நேராக வாங்கிப் போடுகிறார்கள். பதனிட்ட ஈரத்தோல் நீலம் பாய்ந்து காணப்படுவதால் தொழிலில் அதற்கு 'வெட் புளூ' என்று பெயர்.

இனிச் சொல்லப்போவதுதான் என்னைத் திகைக்க வைத்தது. பூமியிலிருந்து குரோமியம் குரோமைட் என்ற தாதுவாகக் கிடைக்கிறது. நம் நாட்டில் பெரும்பகுதி ஒடிசாவின் சுகிந்தா பள்ளத்தாக்கில். ஓர் இரும்பு, இரண்டு குரோமியம், நான்கு ஆக்சிஜன் என்பது அதன் வாய்பாடு. இரும்பு +2, ஆகவே குரோமியம் +3. தோல் தொட்டிக்குள் இறங்கும் குரோமியமும் +3. புறப்பட்ட இடத்திலும் மூன்று, போய்ச் சேரும் இடத்திலும் மூன்று! அப்படியானால் இடையில் ஆறுக்கு என்ன வேலை?

குரோமைட் கல் போன்றது. நீரில் கரையாது, அமிலத்திற்கும் எளிதில் மசியாது. அதைக் கரைய வைக்க ஆலைகளில் வழக்கமான வழி, பொடித்துச் சோடா உப்போடும் சுண்ணாம்போடும் கலந்து, காற்றோட்டமுள்ள உலையில் 1,000 டிகிரிக்கும் மேல் வறுப்பது. காற்றின் ஆக்சிஜன் குரோமியத்திடமிருந்து மேலும் மூன்று எலக்ட்ரான்களைப் பிடுங்குகிறது. கரையாத +3, கரையும் +6 ஆகிறது. சோடியம் குரோமேட்டாக நீரோடு வந்துவிடுகிறது. பிறகு கந்தக டைஆக்சைடோ சர்க்கரைப் பாகுக் கழிவோ சேர்த்து அதை மீண்டும் +3 ஆக இறக்கி விற்கிறார்கள். நடுவழியில் மட்டும் ஆறு. ஆனால் நீர் விட்டு அலசிய பிறகும் வறுத்த சக்கையில் கொஞ்சம் குரோமேட் தங்கிவிடும். அந்தச் சக்கையை எங்கே கொட்டுவது?

இராணிப்பேட்டையில் தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்டு கெமிக்கல்ஸ் என்ற ஆலை இந்த வேலையைச் செய்தது. 1970களில் தொடங்கி 1990களின் நடுவில் அது மூடப்பட்டது. ஆலை நின்றது, வளாகத்தில் ஒன்றரை இலட்சம் டன்னுக்கும் மேற்பட்ட சக்கை குவிந்து கிடந்தது. மழை பெய்யும்போதெல்லாம் அதிலிருந்து +6 குரோமியம் கரைந்து நிலத்தடி நீரில் இறங்கியது. அது +3 ஆகவே இருந்திருந்தால் பெரும்பாலும் ஹைட்ராக்சைடாக மண்ணிலேயே தங்கியிருக்கும். அமிலம் அதிகமில்லாத நீரில் அது கரைவதில்லை. எங்கள் வீட்டு வாளியை நினைத்துப் பாருங்கள். இரும்புக்கு எண் கூடினால் கரையாமல் நின்றுவிடுகிறது. குரோமியத்திற்கோ எண் கூடினால் கரைந்து ஊர் சுற்றக் கிளம்புகிறது. எண் கூடுவது நல்லதா கெட்டதா என்று பொதுவாகச் சொல்ல முடியாது. உலோகத்திற்கு உலோகம் வேறுபடும்.

உடலுக்குள் என்ன நடக்கிறது? குரோமேட் அயனியில் ஒரு குரோமியத்தைச் சுற்றி நான்கு ஆக்சிஜன் நான்முகியாக நிற்கின்றன, சுமை −2. சல்பேட் அயனியும் அதே வடிவம், அதே சுமை. சல்பேட் நம் செல்களுக்கு வேண்டிய பொருள். அதற்கென்று செல் சவ்வில் வாயில்கள் உண்டு. காவற்காரனுக்கு ஆள் அடையாளம் தெரிவதில்லை. குரோமேட்டையும் உள்ளே விட்டுவிடுகிறான். உள்ளே போனதும் அது எலக்ட்ரான்களைப் பறித்துக்கொண்டு படிப்படியாக +3 ஆக இறங்குகிறது. இறங்கும் வழியில்தான் மரபணுப் பொருளான டி.என்.ஏ.வுக்குச் சேதம். +3 ஆக வெளியே இருந்திருந்தால் அந்த வாயிலில் எளிதாக நுழைந்திருக்க முடியாது. உலக சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி முகமை, +6 குரோமியச் சேர்மங்களை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்று உறுதியாகச் சொல்லப்படும் முதல் தொகுதியில் வைத்திருக்கிறது. +3 அந்தத் தொகுதியில் இல்லை. குரோமேட் ஆலைத் தொழிலாளருக்கு மூக்கின் நடுத்தண்டில் ஓட்டை விழுவது மருத்துவ நூல்கள் நெடுங்காலமாகச் சொல்லிவரும் செய்தி.

சட்டமும் இந்த எண்ணைப் படித்திருக்கிறது! நம் நாட்டுச் சுற்றுச்சூழல் விதிகளின்படி, ஆறு குளங்களில் விடும் ஆலைக் கழிவுநீரில் மொத்தக் குரோமியம் லிட்டருக்கு 2 மில்லிகிராம் வரை இருக்கலாம். +6 குரோமியம் 0.1 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. உலோகம் ஒன்றே, எல்லை இருபதில் ஒரு பங்கு. ஐரோப்பிய ஒன்றியம் 2015 முதல், உடம்பில் படும் தோல் பொருள்களில் கிலோவுக்கு 3 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல் +6 குரோமியம் இருந்தால் விற்க விடுவதில்லை. பதனிட்ட தோலில் உள்ள +3, வெப்பத்திலும் வெளிச்சத்திலும் சில எண்ணெய்களின் சேர்க்கையாலும் சிறிதளவு +6 ஆக மாறக்கூடும் என்பதால் இந்தக் காவல். ஆம்பூரிலோ இராணிப்பேட்டையிலோ தைத்த காலணி கப்பலேறுமா ஏறாதா என்பதை இந்த எண் தீர்மானிக்கிறது. 1948-இல் அமைந்த அடையாறு மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம், கழிவில் போகும் குரோமியத்தைக் குறைக்கும் வழிகளில் பல காலமாக உழைத்து வருகிறது. பாலாற்றில் கலந்த தோல் ஆலைக் கழிவுகள் பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் 28-8-1996 அன்று தந்த தீர்ப்பு, 'கெடுத்தவனே ஈடுகட்ட வேண்டும்' என்ற கொள்கையை இந்நாட்டுச் சட்டத்தில் ஊன்றியது.

சரி, ஆறை மூன்றாக்க வழி என்ன? அந்த வழியை நாம் ஒவ்வொரு பருவமும் கையாலேயே செய்கிறோம். பியூரெட்டில் டைகுரோமேட், கூம்புக் குடுவையில் மோர் உப்பும் நீர்த்த கந்தக அமிலமும். (இது நாம் குடிக்கும் மோர் அன்று, ஜெர்மானிய வேதியியலார் மோரின் பெயர்.) குடுவையில் உள்ள இரும்பு +2-லிருந்து +3 ஆகி ஓர் எலக்ட்ரானைத் தருகிறது. டைகுரோமேட்டின் இரண்டு குரோமியமும் ஆளுக்கு மூன்றாக ஆறு எலக்ட்ரான்களைக் கேட்கின்றன. ஆகவே ஒரு டைகுரோமேட்டுக்கு ஆறு இரும்பு. சமன்பாட்டை மனப்பாடம் செய்தவருக்கு இந்த ஆறு மறந்துபோகும். எண்ணிப் பார்த்தவருக்கு மறக்காது. குரோமேட் கலந்த நீரையும் மண்ணையும் சுத்திகரிக்கக் கையாளும் முறைகளில் ஒன்று இதே வினைதான். அங்கே மோர் உப்புக்குப் பதிலாக மலிவான பெரஸ் சல்பேட். நாட்டு மருந்துக் கடையில் அன்னபேதி என்று கேட்டால் கொடுப்பார்கள். ஒரு கிராம் குரோமியத்தை ஆறிலிருந்து மூன்றுக்கு இறக்கச் சுமார் 16 கிராம் அன்னபேதி வேண்டும்.

இங்கே பேராசிரியப் பெருமக்களிடம் ஒரு விண்ணப்பம். தரம்பார்த்தல் முடிந்ததும் நம் குடுவையில் இருப்பது பச்சை நிற +3. பியூரெட்டில் மீந்திருப்பதோ ஆரஞ்சு நிற +6. அதைத்தான் நாம் தொட்டியில் ஊற்றிக் கழுவுகிறோம். நார்மாலிட்டி 0.05 உள்ள கரைசலில் லிட்டருக்கு 2.45 கிராம் டைகுரோமேட். அதில் குரோமியம் சுமார் 0.87 கிராம். ஒரு மாணவர் 30 மில்லிலிட்டர் மிச்சம் விட்டால் அதில் 26 மில்லிகிராம் குரோமியம். இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீரில் குரோமியத்தின் எல்லை லிட்டருக்கு 0.05 மில்லிகிராம். அதாவது ஒரே ஒரு மாணவரின் மிச்சத்தை அந்த எல்லைக்கு நீர்க்கச் செய்ய 520 லிட்டர் நீர் வேண்டும். ஒரு வகுப்பில் நாம் எத்தனை பேர் என்று நான் சொல்லத் தேவையில்லை.

ஆய்வுக்கூட வாசலருகே ஒரு பிளாஸ்டிக் வாளி போதும். மீந்த டைகுரோமேட்டை எல்லாரும் அதில் ஊற்ற வேண்டும். கொஞ்சம் நீர்த்த கந்தக அமிலம் விட்டு, ஒரு மாணவரின் மிச்சத்திற்கு அரை கிராம் வீதம் அன்னபேதி போட்டுக் கலக்கினால் ஆரஞ்சு மறைந்து பச்சை வரும். ஆரஞ்சோ மஞ்சளோ எஞ்சியிருந்தால் இன்னும் கொஞ்சம் போடலாம். பிறகு லிட்மஸ் நீலமாகும் வரை சுண்ணாம்பு நீர் சேர்த்தால் குரோமியமும் இரும்பும் ஹைட்ராக்சைடாகச் சேறு போல அடியில் இறங்கும். தெளிந்த நீரைத் தொட்டியில் விட்டுவிடலாம். சேற்றை உலர்த்தி ஒரு டப்பாவில் தனியே வைக்க வேண்டும், குப்பையில் கொட்டக்கூடாது. துறைத் தலைவர் இசைந்து வாளி வாங்கிக் கொடுத்தால், செய்முறை வகுப்புள்ள நாள்களில் மாலை அரை மணி நேரம் இருந்து அன்னபேதி போடும் வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன். உடன் வர இரண்டு நண்பர்களும் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.